‘கேபிள் ஓகே’ என்று நான் எழுதிய தாள்

எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்கள் சேர்ந்து ஆண்டு மலர் போடுகிறார்களாம். கட்டுரை கேட்டு என் வீட்டுக்கு மூன்று முறை ஆள் வந்துவிட்டது. “அண்ணாச்சி, இப்ப உள்ளவனுக்கு பழைய டிஸ்க கழத்தி எறிஞ்சிட்டு புதுச மாட்டத்தான் தெரியும். அந்தக் காலத்து மிஷின்ல டேட்டா எரர் எப்படி எப்படி வரும், நீங்க எப்படிக் கண்டுபிடிப்பிய, அத எழுதுங்க. உங்க பெருமையான கேஸ் ஒண்ணு போதும்” என்றார்கள். பெருமையான கேஸ் என்னிடம் நாலைந்து இருக்கிறது. அதையெல்லாம் டீக்கடையில் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களுக்குக் காது புளித்துவிட்டது. யாரிடமும் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதை எழுதித் தருகிறேன். பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் பஜ்ஜி மடிக்கக் கொடுங்கள்.

இதை இப்போது எழுத வைத்ததும் நம் கடைப் பையன்கள்தான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கடையில் பழைய காகிதங்களை ஒழித்தபோது, ஒவ்வொரு மிஷினிலும் பார்த்ததை என் கையால் எழுதிய ஜாப் ஷீட் கட்டுகளை மட்டும் எடுத்து, ரிப்பன் கட்டி, எனக்கே பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாசத்தில் செய்ததுதான். மில்லர்புரம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பாதிக் கட்டில் அந்தத் தாள் வந்துவிட்டது. ‘டிஸ்க்: ஓகே. கேபிள்: ஓகே. ஆபரேட்டர் மிஸ்டேக்.’ கீழே என் கையெழுத்து, கஸ்டமர் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் கீழே கடைக்காரர் சாமுவேல் சார் கையெழுத்து.

என் படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஐடிஐ முடித்தேன், ரேடியோ பார்த்தேன், டிவி பார்த்தேன், டிவி பார்த்த கை சும்மா இருக்காமல் கம்ப்யூட்டருக்கு வந்தது. சாமுவேல் சார் கடையில் சேர்ந்த பிறகுதான் வேலை என்றால் என்ன என்று தெரிந்தது.

சார் நாசரேத்துக்காரர். கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்துவிட்டுக் கடை வைத்தவர். அயர்ன் போட்ட வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பென்சில், ஒரு ரப்பர். மிஷினைத் திறந்ததும் கையை உள்ளே விட்டால் புறங்கையில் பென்சிலால் தட்டுவார். “ஏலே தங்கராசு, முதல்ல பாரு. பாத்தத எழுது. எழுதுனப்புறம் தொடு” என்பார். எந்த முனை எதில் செருகியிருந்தது என்று படம் வரைந்துவிட்டுத்தான் கேபிளைக் கழற்ற வேண்டும். தொடர்பு முனைகளை வாயால் ஊதக் கூடாது. எச்சில் ஈரம் பட்டால் பச்சை பூத்துவிடும். ரப்பரால் மெல்லத் தேய்த்து, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் அதில்லாமல் நடக்காது.

டேட்டா எரர் என்று ஒரு மிஷின் வந்தால் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கேபிள். பிறகு பவர் சப்ளை. பிறகு மெமரி. டிஸ்க் கடைசியில்தான். “டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லுதது ரொம்ப ஈசி. கஸ்டமரும் தலையாட்டிக்கிட்டு துட்ட எடுப்பான். நீ கடைசியாத்தான் அதக் குத்தஞ்சொல்லணும்” என்பார்.

அந்த வரிசையால் நானும் பேர் வாங்கியிருக்கிறேன். சாத்தான்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், டிஸ்க் போய்விட்டது, பிள்ளைகள் மார்க்கெல்லாம் போச்சு என்று வேறு ஒருத்தர் கைகழுவிவிட்டுப் போயிருந்தார். நான் போய்க் கேபிளை மாற்றினேன். அவ்வளவுதான். எல்லாம் அப்படியே இருந்தது. ஹெட்மாஸ்டர் பிரேயரில் நிற்கவைத்துச் சால்வை போட்டார். அந்தச் சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது, போன வாரம் வரைக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கேபிளைப் பற்றி இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்போது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் நாடா மாதிரி பட்டையான கேபிள் போகும். பழையதில் நாற்பது கம்பி. வேகமான டிஸ்குகள் வந்ததும் எண்பது கம்பிக் கேபிள் வந்தது. கூடுதலாக வந்த நாற்பதும் காவல் கம்பிகள். ஒரு கம்பியில் போகிற சேதி பக்கத்துக் கம்பியில் கலக்காமல் நடுவில் நிற்பவை. வேகமான டிஸ்கில் நாற்பது கம்பிக் கேபிளைப் போட்டால், பெரும்பாலான போர்டுகள் ஆன் செய்த உடனே, எண்பது கம்பிக் கேபிள் இல்லை என்று திரையில் எச்சரிக்கும். பிழை அதிகமானால் விண்டோஸ் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பிஐஓ என்ற அரதப்பழசான முறைக்கு இறங்கிவிடும். வேகமான முறையில், அனுப்பியது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு சரிபார்ப்பு உண்டு. பிஐஓவில் அது கிடையாது. சேதி கெட்டுப் போனாலும் கேட்பதற்கு ஆளில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

துறைமுகச் சாலையில் ஒரு ஏற்றுமதி ஏஜெண்ட் ஆபீஸ் எங்கள் வாடிக்கை. முதலாளி ரூமில் மட்டும் ஏசி. வெளியே, கடல் பக்கம் திறந்த ஜன்னலுக்குக் கீழே கம்ப்யூட்டர். அதில் வேலை பார்த்த பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ரெஜினா என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் வேறு. அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். முதலாளி வீட்டு வாசலில் நாலு நாள் நின்று மகளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். எந்தக் கப்பலில் எந்தக் கண்டெய்னர் போக வேண்டும் என்று லிஸ்ட் அடிப்பது அவள் வேலை. ஒவ்வொரு கண்டெய்னர் நம்பரையும் அடித்ததும், திரையையும் கையிலுள்ள பேப்பரையும் ஒத்துப் பார்த்து, பேப்பரில் பென்சிலால் ஒரு டிக் போடுவாள். ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில் உதடு அசையும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற பிள்ளை, அதே கவனம் இங்கேயும்.

ஒரு நாள் அங்கே சும்மா தூசு தட்டப் போயிருந்தேன். அடுத்து காயல்பட்டினத்தில் ஒரு வீடு. துபாயிலிருந்து வந்திருந்த மகன் மறுநாள் விமானம் ஏறுகிறார். அவர் கொண்டுவந்த புது டிஸ்கை மாட்டி, கல்யாணப் படங்களையெல்லாம் அதில் ஏற்றித் தர வேண்டும். அந்த வேகமான டிஸ்குக்கு வேண்டிய எண்பது கம்பிக் கேபிள் கடையில் இல்லை, மதுரையிலிருந்து வர இரண்டு நாளாகும். நான் என்ன செய்தேன்? ரெஜினா மிஷினில் இருந்த நல்ல கேபிளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பைக்குள் எத்தனையோ மாதமாகக் கிடந்த நாற்பது கம்பிக் கேபிளை அதற்குப் பதிலாக மாட்டினேன். ஆன் செய்ததும் எச்சரிக்கை வந்தது. செட்டப்புக்குள் போய் அந்த எச்சரிக்கையே வராதபடி அமுக்கிவிட்டேன். இரண்டு நாளில் திருப்பி மாட்டிவிடலாம் என்பது எண்ணம்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஒரு மிஷினில் கழற்றி இன்னொன்றில் மாட்டி அன்றைய பொழுதை ஓட்டுவது அப்போது எல்லாரும் செய்ததுதான். ஆனால் சாமுவேல் சார் கடையில் அது கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு மெமரியை அப்படி மாற்றினார் என்று அன்றைக்கே கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார். “கஸ்டமர் நம்மள நம்பி மிஷினத் திறக்க விடுதான். அதுல கை வச்சா அது களவு” என்றார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

காயல்பட்டினத்தில் வேலை மணியாக முடிந்தது. பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான் தம்பி” என்று துவா செய்தார். வயிறு முட்டச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். மதுரைக் கேபிள் வந்தது, வேறு மிஷின்களுக்குப் போனது. ஏஜெண்ட் ஆபீஸை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

இரண்டு மாதம் கழித்து ரெஜினா போன் செய்தாள். “அண்ணே, மிஷின் ரொம்ப ஸ்லோவா ஓடுது. சேவ் பண்ணுனா அப்படியே நிக்கி. ஒருக்கா வந்து பாப்பியளா?” பிஐஓவுக்கு இறங்கிவிட்டது என்பதற்கு அதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? அப்போது கேபிள் ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் அன்றைக்கு வேறு நாலு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. “பழைய மிஷின் அப்படித்தாம்மா இருக்கும். பொறுமையா ஓட்டு” என்று சொல்லி போனை வைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் விஷயம் வெடித்தது. கொழும்புக்குப் போகும் கப்பலுக்கான லிஸ்டில் ஆறு நம்பர் தப்பு. துறைமுக கேட்டில் ஆறு லாரிகளை நிறுத்திவிட்டார்கள். நம்பரைத் திருத்தி வாங்குவதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்குக்காரர் முதலாளியை வாய்க்கு வந்தபடி பேசி, இனி உன் சங்காத்தமே வேண்டாம் என்று போய்விட்டார். முதலாளி எங்கள் கடைக்குப் போன் போட்டார். சார் என்னை அனுப்பினார்.

நான் போனபோது முதலாளி லிஸ்டையும் ரெஜினாவின் பேப்பரையும் மேஜையில் விரித்து வைத்திருந்தார். ரெஜினா சுவரோரம் நின்றாள். அழவில்லை, முகம் வெளுத்திருந்தது.

“தம்பி, இந்தக் கூத்தப் பாரும். தப்பா அடிச்சிருக்கா. அடிச்சிட்டு லெச்சணமா டிக்கும் போட்டிருக்கா” என்றார் முதலாளி. “மிஷின்ல கோளாறா, இந்தப் பிள்ளை கண்ணுல கோளாறா? ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும். மிஷின்னா மிஷின மாத்துதேன். பிள்ளைன்னா இன்னையோட நிப்பாட்டுதேன்.”

“நான் பாத்துத்தான் அண்ணே டிக் போட்டேன்” என்றாள் ரெஜினா என்னைப் பார்த்து. “அடிச்சப்ப சரியாத்தான் இருந்துச்சு.”

நான் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 4 இருந்த இடத்தில் 6. 1 இருந்த இடத்தில் 3. 0 இருந்த இடத்தில் 2. 5 இருந்த இடத்தில் 7. எல்லாம் சரியாக இரண்டு கூடியிருந்தது. மனுஷர் தப்பாக அடித்தால் பக்கத்துச் சாவியை அடிப்பார்கள், அல்லது 56ஐ 65 என்று அடிப்பார்கள். இப்படி அளந்து அளந்து இரண்டு கூட்டி யாரும் தப்பு செய்ய மாட்டார்கள். போதாததற்கு ஒரு நம்பரில், 9 இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நின்றது. முதலாளி அதைக் கவனிக்கவில்லை, அச்சு மை தெறித்தது என்று நினைத்திருப்பார்.

கேபிளில் டேட்டா போக மட்டும் பதினாறு கம்பிகள். அதில் இரண்டு என்ற மதிப்பைச் சுமக்கிற கம்பி ஒன்று அவ்வப்போது தொடர்பு விட்டிருக்கிறது. தொடர்பு விட்டால் அது தானாகவே ‘உண்டு’ என்று காட்டும், அங்கே போகிற எழுத்தில் இரண்டு கூடிவிடும். 9க்கு இரண்டு கூடினால் கம்ப்யூட்டர் எழுத்து வரிசையில் வருவது அரைப்புள்ளி. அடிக்கும்போது திரையில் தெரிவது மெமரியில் இருப்பது, அது சரியாகவே இருக்கும். டிஸ்குக்குப் போகிற வழியில்தான் கெட்டிருக்கிறது. மறுநாள் காலையில் பிரிண்ட் எடுத்தது டிஸ்கிலிருந்து. அந்தப் பிள்ளை போட்ட ஒவ்வொரு டிக்கும் சத்தியம்.

மிஷினைத் திறந்தேன். எல்லாரும் டீ குடிக்க வெளியே போகும்வரை ஸ்க்ரூவைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் பாவனை செய்தேன். ஆள் போனதும் கேபிளை உருவினேன். போர்டு பக்கத்து முனையில் பச்சை பூத்திருந்தது. என் பையில் கிடந்தபோதே பூத்ததோ, ஜன்னல் காற்றில் பூத்ததோ தெரியாது. பையிலிருந்து புது எண்பது கம்பிக் கேபிளை எடுத்து, நீல முனையைப் போர்டிலும் கறுப்பு முனையை டிஸ்கிலும் செருகினேன். விண்டோஸைப் பழைய வேகத்துக்கு ஏற்றினேன். அமுக்கியிருந்த எச்சரிக்கையைத் திரும்ப எழுப்பினேன். பச்சைக் கேபிளைச் சுருட்டிப் பையின் அடியில் தள்ளினேன். எல்லாவற்றையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்தேன், சார் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னே நூறு நம்பர் அடித்து, சேவ் செய்து, பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“அப்ப மிஷின் நல்லாருக்கு?”

“மிஷின் நல்லாருக்கு சார்” என்றேன்.

அந்த நிமிஷத்தில் அது பொய்யும் இல்லை. அந்தச் சாமர்த்தியத்தை இருபது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம். அவள் வேலையா என் வேலையா என்று வந்தபோது, யோசிக்கக்கூட இல்லாமல் என் வேலையை எடுத்துக்கொண்டேன். த்தூ என்று துப்பத்தான் தோன்றுகிறது.

கடைக்குத் திரும்பியதும் சார் ஜாப் ஷீட்டை வாங்கிப் படித்தார். “கேபிள் பாத்தியா?” என்றார். “பாத்தேன் சார்” என்றேன். “நீயே பாத்துட்டேன்னா சரி” என்று மேஜையிலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். என்னை இரண்டாவது கேள்வி கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தார் அவர். சாகிறவரை அப்படித்தான் நினைத்தார்.

ஜாப் ஷீட்டில் ஆபீஸ்காரரின் கையெழுத்து வாங்க மறந்திருந்தேன். சாயங்காலம் திரும்பப் போனபோது, ரெஜினா டிபன் பாக்ஸோடு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தாள். கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். “அப்பாட்ட என்னன்னு சொல்லுவேன்னு தெரியல அண்ணே” என்றாள். எதிர்க் கடைக்குக் கூட்டிப்போய் டீயும் சுசியமும் வாங்கிக் கொடுத்தேன். “விடும்மா, தப்பு எல்லாருக்கும் வாரதுதான்” என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அந்தத் தாள் கைக்கு வந்த மூன்றாம் நாள் விசாரித்தேன். மணப்பாட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் கப்பலில் போகிறார் என்றார்கள். திருச்செந்தூர் போய், குலசை வழியாகப் பஸ் ஏறினேன். வழிநெடுக, வீடு பூட்டியிருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே போனேன், மனசு அவ்வளவு அல்பம்.

வீடு திறந்திருந்தது. பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். “தங்கராசு அண்ணனா! வாங்க, வாங்க. எப்படி இருக்கிய?” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே எட்டி, “ஏளா, நான் சொல்லுவேன்லா, எனக்கு வேல போன அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்த அண்ணன்னு? அவுகதான்” என்று மகளிடம் சொன்னாள். மகள் வந்து சிரித்துவிட்டுக் காப்பி போடப் போனாள். “அன்னைக்கு அந்த ஆபீஸ்ல ஒருத்தர் எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல அண்ணே. நீங்க ஒருத்தர்தான்” என்றாள்.

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கேபிளைக் கழற்றியதிலிருந்து பச்சை பூத்த முனைவரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் மகள் காப்பி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ரெஜினாவின் உதடு அசைந்தது, அந்தத் தாளில் இருந்ததை வாசித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப என் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லயா?” என்றாள்.

“இல்லம்மா.”

“நான் பாத்தது சரிதானா?”

“எல்லாமே சரிம்மா. உன் டிக் ஒண்ணுகூட தப்பு இல்ல.”

“கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாரு, நான் நம்பல. கோயில்ல வாசகம் வாசிக்கதையும் விட்டுட்டேன். சாமியார் எத்தன மட்டம் கூப்பிட்டாரு. தப்பா வாசிச்சுருவேனோன்னு பயம். வேற எங்கயும் வேலைக்கும் போகல” என்றாள். தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு, “அப்பா போய்ச் சேந்தாச்சு. கவனமில்லாத பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டேதான் போனாரு” என்றாள்.

மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “உங்க கையால சரியா எழுதிக் குடுங்க” என்றாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன். ‘டிஸ்க்: ஓகே. கேபிள்: கெட்டது. மாற்றி மாட்டியவன் நான். ஆபரேட்டர் மேல் தப்பில்லை.’ கையெழுத்துப் போட்டேன். இதை மலரில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, “எழுதுங்க. பேர மட்டும் போடாதீக” என்றாள். தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டாள்.

பிறகு கேட்டாள்: “அண்ணே, அன்னைக்கு எனக்கு டீ வாங்கிக் குடுக்கும்போது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா” என்றேன்.

அவள் எழுந்தாள். எனக்கு வைத்திருந்த காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.